ராஜாவுக்குச் சோறு பொங்கியது யார்? கல்வராயன்மலைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்வராயன்மலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகளுக்கு,



வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர், இன்னாடு என்று மலைமேல் படிக்கிறவர்களுக்கும், கீழே இறங்கிக் கச்சிராயபாளையத்திலும் சங்கராபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் படிக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எகிப்து பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பிரமிடு, பாரோ, மம்மி, பாப்பிரஸ் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று நிச்சயம் என்று சொல்லி முடித்துவிடுவேன்.

ஓராண்டு, மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், அந்த ராஜாவுக்குச் சோறு பொங்கிப் போட்டது யாரு?”

வகுப்பு சிரித்தது. “வேலைக்காரங்க இருந்திருப்பாங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பாடத்தை முடிக்கும் அவசரம். எகிப்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியையே அவள் கேட்டிருந்தாள் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து விடையைத் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இப்போதைய லக்சர் நகரத்துக்கு எதிர்ப்புறம், தேர் எல் மெதினா என்று ஓர் ஊரின் இடிபாடுகள் இருக்கின்றன. அரசர்களின் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து மன்னர்களுக்குக் கல்லறை அமைத்த கல்தச்சர்களும் ஓவியர்களும் எழுத்தர்களும் குடும்பத்தோடு குடியிருந்த ஊர் அது. நடுவில் ஒரு சந்து, இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மொத்தம் எழுபது வீடுகள் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் பழைய உலகத்தில் சாதாரண மனிதர்களைப் பற்றி இவ்வளவு விவரம் தரும் ஊர் வேறு கிடைப்பது அரிது. காரணம், அந்த ஊர்க்காரர்கள் எதையும் எழுதி வைத்தார்கள். பாப்பிரஸ் தாள் எளிதில் கிடைக்காது. அதனால் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதினார்கள். கடன் கணக்கு, சலவைக்குப் போட்ட துணிக் கணக்கு, அண்டை வீட்டோடு வந்த வழக்கு என்று ஆயிரக்கணக்கான சில்லுகள் கிடைத்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று வருகைப் பதிவேடு. உங்கள் வகுப்பாசிரியர் காலையில் எடுக்கிறாரே, அதே மாதிரி. இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதியது, ஏறத்தாழ 3,250 ஆண்டுப் பழமை உடையது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் யார் எந்த நாளில் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதில் இருக்கிறது. ஒருவனுக்குக் கண் நோவு. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவன் வீட்டில் பானம் காய்ச்சிக்கொண்டிருந்தான். இன்னொருவன் இறந்துபோன தன் தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருந்தான். மன்னன் எத்தனை போரில் வென்றான் என்பதைப் படிக்கும்போது எகிப்து எங்கோ தொலைவில் தெரிகிறது. தேள் கொட்டி வேலைக்கு வராத ஆளைப் படிக்கும்போது அது நம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிடுகிறது.

அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கில், வேலையாட்களுக்கு வர வேண்டிய கூலி வரவில்லை. அந்நாளில் நாணயம் கிடையாது. பெரும்பாலும் கோதுமையும் வாற்கோதுமையும்தான் கூலி. நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி நடந்து, ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். இதையெல்லாம் ஊர் எழுத்தர் எழுதி வைத்த பாப்பிரஸ் இத்தாலியின் துரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது, ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அதன் காலத்தைக் கணித்தபோது கி.மு. 1155 என்று வந்தது. 2021இல் சட்டமன்றத்தில் இதை அறிவித்தார்கள். இரண்டு ஆண்டுக் கணக்கையும் உங்கள் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நைல் கரையில் தானியக் கூலி கேட்டு மக்கள் உட்கார்ந்த அதே தலைமுறையில், பொருநை எனப்படும் தாமிரபரணிக் கரையில் யாரோ ஒருவர் இறந்துபோன தம் உறவுக்குத் தாழியில் நெல் வைத்திருக்கிறார். நம் வீடுகளில் இழவு விழுந்தால் இன்றும் வாய்க்கரிசி போடுகிறோம். போகிறவர் பசியோடு போகக் கூடாது என்ற அந்த மனது மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

இதனால் எகிப்தியரும் தமிழரும் ஒரே குலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சான்று இல்லை. பசியும் பிறப்பும் சாவும் எல்லாருக்கும் உண்டு, அவற்றை எதிர்கொள்ள ஒவ்வொரு மக்களும் தமக்கென்று ஒரு வழி கண்டார்கள். இவ்வளவுதான் நான் சொல்வது. இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தப் பெண் கேட்ட சோற்றுக்கு வருவோம். எகிப்தியரின் சோறு ரொட்டிதான். வீட்டுப் பெண்கள் மண்டியிட்டு உட்கார்ந்து, சாய்வான ஒரு கல்மேல் இன்னொரு கல்லை முன்னும் பின்னும் தள்ளிக் கோதுமையை மாவாக்கினார்கள். உங்கள் வீட்டில் பழைய திருகை இருந்தால் கேழ்வரகு போட்டு ஒருபடி அரைத்துப் பாருங்கள், தோள் எப்படி வலிக்கும் என்று தெரியும். பாலைவனக் காற்று கொண்டுவரும் மணலும், கல்லில் தேய்ந்து உதிரும் தூளும் மாவில் கலந்துவிடும். அந்த ரொட்டியைத் தின்றுதின்று எகிப்தியரின் பல் தேய்ந்துபோயிருந்ததை மம்மிகளில் பார்க்கலாம். மன்னனுக்கும் அதே தேய்ந்த பல்தான். வெங்காயம், பூண்டு, பருப்பு, கருவாடு, பேரீச்சம்பழம் ஆகியவை தொட்டுக்கொள்ள. வாற்கோதுமையைப் புளிக்க வைத்துக் கூழ் போலக் கெட்டியாகச் செய்த பானம் அவர்களுக்கு உணவாகவும் கூலியாகவும் இருந்தது.

விவசாயத்துக்கு அவர்கள் மழையை நம்பவில்லை. எகிப்தில் மழை மிகக் குறைவு. தொலைவில் எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழைதான் நைலில் வெள்ளமாக வரும். நம் ஆடி மாதத்தை ஒட்டி ஆறு பொங்கத் தொடங்கும். வயலெல்லாம் மூழ்கி, வடியும்போது கறுப்பு வண்டலை விட்டுப் போகும். அதனால் தங்கள் நாட்டையே ‘கறுப்பு மண்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். வெள்ளக் காலம், விளையும் காலம், அறுப்புக் காலம் என்று ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கு நான்கு மாதம், மாதத்துக்கு 30 நாள். கடைசியில் ஐந்து நாள் சேர்த்து 365. வெள்ளம் வந்ததும் ஆற்றுக்குப் படையல் இட்டார்கள். காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு கொண்டாடுவதைக் கேட்டிருப்பீர்கள். மலையில் பெய்த மழையைக் கீழே இருப்பவர்கள் கும்பிடுவது அங்கும் இங்கும் ஒன்றே. உங்கள் மலையில் பிறந்த கோமுகியும் மணிமுக்தாவும் கீழே எத்தனை ஊர் வயலுக்குத் தண்ணீர் தருகின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

பெரிய கோயில்களில் ஆமோன், ரா என்ற பெருந்தெய்வங்கள் இருந்தார்கள். அந்தக் கோயில்களின் உள்ளறைக்குள் சாதாரண மக்கள் போக முடியாது. அவர்கள் கும்பிட்டது வீட்டுச் சாமிகளைத்தான். குள்ள உருவமும் நீட்டிய நாக்கும் கொண்ட பெஸ் என்ற சாமி பிள்ளைகளைக் காக்கும். நீர்யானை உருவம் கொண்ட தவெரெத் பிள்ளைபெறும் தாயைக் காக்கும். குழந்தை கழுத்தில் கண் வடிவத் தாயத்தைக் கட்டினார்கள். நம் பிள்ளைக்கு வசம்பு மாலை போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, அரைஞாணில் தாயத்து முடிகிறோமே, அந்தக் கை எப்படி நடுங்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். குழந்தைகள் நிறையச் சாகும் காலத்தில் பிறந்த வழக்கங்கள் அவை. அவற்றுக்குள் இருந்த பயத்தையும் பாசத்தையும் பாருங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். பாட்டி கட்டிய கயிற்றை மட்டும் கேலி செய்யாதீர்கள்.

தேர் எல் மெதினாவில் நவுனக்தே என்று ஒரு தாய் இருந்தாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். வயதானபோது சிலர் அவளைக் கவனிக்கவில்லை. கி.மு. 1145 வாக்கில் அவள் ஊர் மன்றத்தின் முன் வந்து, என்னைக் கைவிட்ட பிள்ளைகளுக்கு என் சொத்தில் பங்கு இல்லை என்று எழுதி வைத்தாள். அந்நாளில் எகிப்தியப் பெண்ணுக்குச் சொந்தமாகச் சொத்து இருந்தது, அதை யாருக்குத் தருவது என்று முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது. மலைமேல் இருக்கும் நம் பெண் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி மம்மி. உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று தெரியும். உடலிலிருந்து நீரை உறிஞ்ச நேட்ரான் என்ற உப்பில் வைத்து, துணி சுற்றி முடிக்க 70 நாள் ஆகும். மூளையை எடுத்துப் போட்டுவிடுவார்கள், இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவிடுவார்கள். அறிவும் நினைவும் இதயத்தில்தான் இருக்கின்றன என்று நம்பினார்கள். செத்தவர் மறு உலகில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். தராசின் ஒரு தட்டில் அவர் இதயம், மறு தட்டில் மாத் என்ற வாய்மையின் இறகு. இதயம் கனத்தால் ஒரு கொடிய விலங்கு அதைத் தின்றுவிடும். அந்த மன்றத்தில் 42 தெய்வங்களின் முன் அவர் தாம் செய்யாத தீமைகளைச் சொல்ல வேண்டும். தராசு முள்ளைத் தட்டவில்லை, குழந்தை வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, பாய வேண்டிய பருவத்தில் தண்ணீரை மறிக்கவில்லை என்பதெல்லாம் அவற்றில் உண்டு. வாய்க்கால் தகராறு பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிக் குற்றம் எவ்வளவு பெரியது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மம்மி செய்யச் செலவு அதிகம். ஏழைகளை மணலில் புதைத்தார்கள். ஏழையும் தன் செத்தவரை மறக்கவில்லை. சிலர் உணவு படைக்கும் மண்கிண்ணத்திலேயே இறந்த சொந்தத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வீட்டில் நோய் வந்திருக்கிறது, எங்களைக் காப்பாற்று, நாங்கள் உனக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்டார்கள். ரமோஸ் என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், கைகளைத் தூக்கிக் கண்ணீர் வழிய அழும் பெண்களின் கூட்டத்தை வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர் ஒப்பாரிதான் காதில் கேட்டது. நம் பாட்டிமார் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். செத்தவருக்குச் சொல்ல வேண்டியதைப் பாட்டாகவே சொல்லி அனுப்பினார்கள். வாயால் சொல்லி அனுப்பிய கடிதம் என்றுதான் ஒப்பாரியை நான் நினைக்கிறேன்.

எகிப்தியர் கல்லறையை ‘என்றைக்குமான வீடு’ என்றே சொன்னார்கள். நம் வட மாவட்டங்களில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிவைத்த கல்திட்டைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். பெரியவர்களைக் கேட்டால் பாண்டவர் வீடு என்பார்கள், வாலியர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். யார் கட்டியது என்பது மறந்துபோயிற்று, வீடு என்ற சொல் மட்டும் மறக்கவில்லை. இரும்புக் காலத்து மக்கள் தங்கள் செத்தவர்களுக்குக் கட்டிய வீடுகள்தான் அவை. சிலவற்றின் முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும், தொல்லியலாளர்கள் அதை இடுதுளை என்பார்கள். எகிப்தியக் கல்லறைகளில் சுவரில் ஒரு பொய்க்கதவு செதுக்கியிருப்பார்கள். இறந்தவரின் உயிர்ப்பு அதன் வழியாக வந்து படையலை எடுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. புறநானூற்றில் ஒரு பெண் வருகிறாள். வழிப்பயணத்தில் கணவனை இழந்தவள். அவனுக்குத் தாழி வனையும் குயவனிடம், தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்லிக் கேட்கிறாள். அருங்காட்சியகத்தில் தாழியைப் பார்த்தால், அதை வெறும் பானையாகப் பார்க்காதீர்கள். இப்படி ஒருத்தி அதன் அருகில் நின்றிருப்பாள்.

எகிப்துக்கும் தமிழுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்த காலம் ஒன்று உண்டு. அது பிரமிடு காலம் முடிந்து இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலே கழித்து. செங்கடல் கரையில் குசேர் அல் காதிம், பெரெனிகே என்று இரண்டு பழைய துறைமுகங்கள். பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. குசேர் அல் காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. இன்னொரு ஓட்டில் ‘பானை ஒறி’ என்று இருந்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து, பானையை வைத்துத் தொங்கவிடும் உறியைக் குறிப்பது என்று விளக்கினார். நினைத்துப் பாருங்கள். கடல் கடந்து போன தமிழன் ஒருவன் அங்கே விட்டுவந்த எழுத்து, மன்னனின் புகழோ கடவுளின் பெயரோ இல்லை. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் உங்கள் பாட்டி தயிர்ப்பானையைத் தொங்கவிட்டாளே, அந்த உறி!

அந்த ஓடும் மிளகும் எப்படித் தப்பின? எகிப்தின் வறண்ட மணல் காப்பாற்றியது. மழை இல்லாத நாட்டில் பாப்பிரஸ் மக்கவில்லை, ரொட்டி மக்கவில்லை, செருப்பும் கூடையும் மக்கவில்லை. அங்கே சோறு பொங்கியவர்கள் இன்றும் நமக்குத் தெரியக் காரணம் இரண்டு: ஒன்று, எழுதி வைத்தார்கள், இரண்டு, மணல் பத்திரமாக வைத்திருந்தது.

நம் மலையில் மழை உண்டு, கறையான் உண்டு. தழைக்கூரையும் மண்சுவரும் மூங்கில் கூடையும் சில பருவத்தைத் தாண்டாது. கல்லும் சில இரும்பும் பானை ஓடும்தான் மிஞ்சும். நம் மாவட்டத்திலேயே தென்பெண்ணைக் கரைப் பகுதியில் ஜம்பை என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாறைக் குகையில் 1981இல் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒற்றை வரிதான். சத்தியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி அந்தக் குகை இருப்பிடத்தைக் கொடுத்தான் என்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி தந்ததாகச் சொல்லப்படும் அதே அதியமான். அசோகன் தன் கல்வெட்டில் குறிப்பிட்ட சத்தியபுத்திரர் யார் என்று நெடுநாள் தெரியாமல் இருந்த கேள்விக்கு அந்த ஒற்றை வரி விடை சொன்னது. ஒரு வரிக்கு இவ்வளவு வலிமை. ஆனால் அந்தக் குகையில் தங்கியவருக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று எழுதி வைக்க அங்கே ஒருவரும் இல்லை.

எழுத்து இருந்தாலும் போதாது, படிக்க ஆள் வேண்டும். எகிப்தியரின் பட எழுத்தில் நமக்குத் தெரிந்த கடைசிக் கல்வெட்டு கி.பி. 394இல் பொறிக்கப்பட்டது. பிறகு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போனார்கள். 1822இல் பிரான்சு நாட்டு அறிஞர் ஷாம்போலியோன் அதன் திறவுகோலைக் கண்டுபிடிக்கும்வரை, 1,400 ஆண்டுக்கும் மேலாகக் கோயில் சுவர்கள் முழுக்க எழுத்து இருந்தும் ஊமையாக நின்றன. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மலைக்கும் எழுத்து வந்து அதிக நாள் ஆகவில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற ஜாகிர்தார்கள், அதாவது பரம்பரை நில அதிகாரிகள் மூவரின் கீழ் இருந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். உங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகளைப் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுதிகளில், உங்கள் மலையின் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக வந்தவர்கள் என்ற கதையைப் பதிந்திருக்கிறார். இன்றைக்குச் செய்தித்தாளில் மலையின் பெயர் வந்தால் சாராயச் செய்தியாகவோ கைதுச் செய்தியாகவோதான் பெரும்பாலும் வருகிறது. மலையில் சாமை விளைவதும், கடுக்காய் பொறுக்குவதும், கரியராமரைக் கும்பிடுவதும் செய்தி ஆவதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எது கண்ணில் படுகிறதோ அதைத்தான் எழுதுவார்கள். அடுப்படியில் நடப்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரும் தேதியும் போடுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேளுங்கள். உங்கள் சின்ன வயதில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? சாமையில் எத்தனை வகை தெரியும், எதை எந்த மழைக்கு விதைத்தார்கள்? விதையை எதில் போட்டு வைத்தார்கள், பூச்சி வராமல் என்ன செய்தார்கள்? வீடு கட்ட எந்த மரம், கூரைக்கு எந்தப் புல்? பிள்ளை பிறந்த வீட்டில் எத்தனை நாள் என்னென்ன செய்வார்கள்? செத்தவருக்கு எதைப் படைப்பார்கள், எந்த நாளில்? உங்கள் ஊர்க் கல்திட்டைக்கு ஏன் அந்தப் பெயர்? என்ன விளையாடினீர்கள்? கீழடியில் பகடைக்காயும் வட்டச்சில்லும் கிடைத்தன, எகிப்தியர் செனெத் என்ற கட்ட விளையாட்டை ஆடினார்கள். உங்கள் ஊர்த் திண்ணையிலும் பாறையிலும் கீறிய கட்டங்கள் இருந்தால் அளந்து படம் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டி என்ன சொல்லில் சொன்னாரோ அதே சொல்லில் எழுதுங்கள். பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள். ‘ஒறி’ என்று பேசுகிறபடியே ஒருவன் கீறி வைத்ததால்தான் இரண்டாயிரம் ஆண்டு கழித்து அவன் குரல் நமக்குக் கேட்டது. அவர்கள் எழுத வேண்டாம் என்று சொல்வதை எழுதாதீர்கள், அதுவும் மரியாதைதான். தாத்தாவுக்கும் மாமனுக்கும் ஒரே கதை இரண்டு விதமாக வந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏர் ஓட்டும்போதோ கால்வாய் வெட்டும்போதோ தாழி தட்டுப்பட்டால், வழவழப்பான கற்கோடரி கிடைத்தால், புதையல் என்று நினைத்து உடைக்கவோ விற்கவோ விடாதீர்கள். கிடைத்த இடத்தில்தான் அதன் கதை இருக்கிறது, பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் கல். தலைமையாசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சிவகளைத் தாழியை யாராவது ஆசைப்பட்டு உடைத்துக் கொட்டியிருந்தால் அந்த நெல் நமக்கு எதையும் சொல்லியிருக்காது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எகிப்து பாடம் நடத்தும்போது ஒரு பாடவேளையை இதற்கு விடுங்கள். ஒரு பிள்ளை சோறு பொங்கியது யார் என்று கேட்டால், நான் செய்ததுபோல அடுத்த பத்திக்குப் போய்விடாதீர்கள்.

பிள்ளைகளே, மன்னர்களுக்கு மலைபோலக் கல் அடுக்க ஆயிரமாயிரம் பேர் கிடைத்தார்கள். தேள் கொட்டியவனுக்கும், கூலி கேட்டு உட்கார்ந்தவனுக்கும், பிள்ளைகள் கைவிட்ட தாய்க்கும் ஒரு கல்சில்லும் ஒரு பாப்பிரஸ் துண்டும் அவற்றில் எழுத ஒரு கையும் போதுமாக இருந்தன. நம் மலையின் மண் எதையும் பத்திரப்படுத்தித் தராது. உங்கள் கைதான் பத்திரப்படுத்த வேண்டும். இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது, சோறு போடுகிறவரிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் ஆசிரியர்,
சங்கராபுரம்.